செவலையைக் கட்டிப்போட்ட பத்து நாள்

என் மகனுக்கு,

உன் கடிதம் வந்தபோது நான் மிளகாய்ப் பழம் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். கை காந்தலாக இருந்ததால் அப்பாவைப் பிரித்துப் படிக்கச் சொன்னேன். கல்யாணம் முடிந்து நீங்கள் இரண்டு பேரும் ரயிலேறி மூன்று மாதம்கூட ஆகவில்லை. நல்ல சேதியாகத்தான் இருக்கும் என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தோம். நீ வளர்க்கிற நாய் மருமகளின் கையைக் கடித்துவிட்டது என்ற இடத்தில் அப்பா நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு ஒரே மூச்சில் மீதியையும் வாசித்துவிட்டு, "இதுக்கு நீதான் பதில் எழுதணும்" என்று காகிதத்தை என் மடியில் போட்டுவிட்டு ஆட்டைப் பார்க்கப் போய்விட்டார். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்போது உனக்குப் புரியும்.

முதலில் ஒன்று. மருமகளுக்கு ஊசி போட்டாயா என்று நீ எழுதவே இல்லை. நாயைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய், அவள் கையைப் பற்றி ஒரே வரி. ஊசி போடாவிட்டால் இந்தக் கடிதத்தை இங்கேயே மடித்து வைத்துவிட்டு, ரயில்வே ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு வந்து மீதியைப் படி. அவளுடைய வீட்டார் நாயைத் தூரக் கொண்டுபோய் விடச் சொல்கிறார்கள், குவார்ட்டர்ஸில் இருப்பவர்கள் அடித்துப் போடச் சொல்கிறார்கள், ஒரு தடவை கடித்த நாயை மறுபடி நம்பலாமா அம்மா என்று கேட்டிருக்கிறாய். நம்பு என்றோ நம்பாதே என்றோ ஒரு கார்டில் எழுதிப் போட்டுவிடலாம். அப்படிச் செய்தால் நான் உன்னை ஏமாற்றினவள் ஆவேன். உன் வலது முழங்கைக்குக் கீழே இருக்கிற தழும்பு செவலை கடித்தது என்று உனக்குத் தெரியும். அதற்கு மேல் ஊரார் சொல்லி அரையும் குறையுமாகக் கேட்டிருப்பாய். வளர்ந்த பிறகு நீ என்னிடம் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இப்போது சொல்லுகிறேன்.

நீ பள்ளிக்கூடத்தில் சேர்வதற்கு முந்தின வருஷம் அது. நமக்கு அறுபது ஆடு இருந்தது. உன் பெரியப்பாவுக்கு அதைவிடக் கூடுதல். அண்ணனும் தம்பியும் இரண்டு மந்தையையும் ஒன்றாகச் சேர்த்துத்தான் மேய்ப்பார்கள். அறுவடை முடிந்த காடுகளில் ஆட்டை அடைத்துக் கிடை போட்டால், புழுக்கை உரத்துக்காக நிலத்துக்காரர்கள் தானியம் தருவார்கள். அந்தக் கிடைக்குக் காவல் செவலை. பெட்டை நாய். ஒடிசலான உடம்பு, நீண்ட மூஞ்சி, செம்மண்ணைக் குழைத்துப் பூசினது போல நிறம். பனவடலிசத்திரம் பக்கத்து ஆட்டுக்காரர் ஒருவரிடமிருந்து உன் அப்பா குட்டியாகத் துண்டில் முடிந்து கொண்டுவந்தது. நீ நடை பழகினதே அதன் முதுகைப் பிடித்துக்கொண்டுதான். நீ அதன் காதைத் திருகுவாய், வாயைப் பிளந்து பல்லை எண்ணுவாய், அதன் வயிற்றில் தலை வைத்துத் தூங்குவாய். அது ஒன்றும் சொல்லாது. சொல்லாது என்பதனாலேயே அதற்கு ஒன்றும் ஆகாது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். அதுதான் நாங்கள் செய்த முதல் தப்பு.

இரண்டாவது தப்பு நான் தனியாகச் செய்தது. உன் மாமா கல்யாணம் முடிந்து பெண்டாட்டியோடு முதல் தடவையாக விருந்துக்கு வந்திருந்தான். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து பஸ் மாறி வெயிலில் நடந்து வந்திருந்தார்கள். நம் வீட்டில் தினம் கம்மஞ்சோறுதான். அன்றைக்கு நெல்லுச்சோறு பொங்கி, கறி எடுத்து, கழுவி, அடுப்படி வாசலில் தட்டில் வைத்திருந்தேன். புதுப்பெண் முன்னால் ஒரு குறை வந்துவிடக் கூடாது என்று காலையிலிருந்து எனக்கு ஒரே படபடப்பு. சோற்றுப் பானையைத் தூக்கிக் கஞ்சி வடித்துக்கொண்டிருக்கும்போது செவலை வந்து தட்டிலிருந்த ஈரலைக் கவ்விவிட்டது. என்ன செய்கிறோம் என்று நினைக்கவே இல்லை என்று சொல்ல எனக்கும் ஆசைதான். நினைத்தேன். நினைத்துத்தான் கஞ்சி வடிந்த சட்டியைத் தூக்கி, கொதிக்கக் கொதிக்க இருந்த வடிகஞ்சியை அதன் மேல் வீசினேன். அது போட்ட சத்தத்தில் மாமா எழுந்து ஓடிவந்தான். "என்னக்கா?" என்றான். "ஆட்டுக்கால்ல மிதிபட்டிருக்கும்" என்றேன். அவன் பெண்டாட்டி என் கையிலிருந்த சட்டியைப் பார்த்தாள்.

மூன்று நாள் செவலை வீட்டுப் பக்கமே வரவில்லை. கிடையில்தான் கிடக்கிறது, சரியாகத் தின்ன மாட்டேன் என்கிறது என்று அப்பா சொன்னார். நாலாம் நாள் காலையில் வந்து கொல்லைப்புறத்துப் புளியமரத்தடியில் படுத்தது. மூன்று நாளாகக் காணாத நாயைக் கண்ட சந்தோஷத்தில் நீ ஓடிப்போய், வழக்கம்போல அதன் இடுப்பில் விழுந்து கட்டிக்கொண்டாய். ஒரே கடி. கடித்ததும் அதுவே பதறி விலகி, சுவரோரம் போய் முதுகை ஒட்டிக்கொண்டு நடுங்கியது. உன் கையில் இரண்டு ஓட்டை, நடுவில் சதை தொங்கியது. நீ அழக்கூட இல்லை, என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாய். பக்கத்து வீட்டுக்காரி சங்கரன்கோவில் புற்றுமண்ணைக் கொண்டுவந்து கடிவாயில் அப்பச் சொன்னாள். அப்பா அதை வாங்கி உன் நெற்றியில் மட்டும் பூசிவிட்டு, குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றிச் சவுக்காரம் போட்டுக் கையைக் கழுவினார். உன்னைச் சைக்கிள் பாரில் வைத்து, என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பனவடலிசத்திரம் வரைக்கும் மிதித்தார். அங்கிருந்து பஸ்ஸில் சங்கரன்கோவில் பெரியாஸ்பத்திரி.

டாக்டர் வயசில் சின்னவர். காயத்தைத் துடைத்துக்கொண்டே, "பையன் நாயைச் சீண்டினானா? வாலை இழுத்தானா?" என்று கேட்டார். நான், "இல்ல சார். சும்மா கெடந்த நாய், திடீர்னு கடிச்சிட்டு" என்றேன். அவர் கை நின்றது. "ஒண்ணும் செய்யாம கடிச்சுதுன்னா சந்தேகப்படத்தான் வேணும்மா" என்றார். தினம் ஒன்றாகப் பதினாலு நாள், தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. "நாயை அடிச்சிராதீங்க. கட்டிப் போட்டு, கிட்டப் போகாம பத்து நாள் பாருங்க. பத்தாம் நாளும் தின்னுக்கிட்டு நடமாடிக்கிட்டு இருந்துதுன்னா மிச்ச ஊசி வேண்டாம். செத்துப்போச்சு, காணாமப் போச்சுன்னா பதினாலும் போட்டே ஆகணும்" என்றார். முதல் ஊசியை அன்றைக்கே போட்டார்கள். உன் காலை அப்பா பிடித்துக்கொண்டார், கையை நான் பிடித்துக்கொண்டேன். உன் சின்ன வயிற்றில் அந்த ஊசி இறங்கியது. நான் சொன்ன ஒரு பொய்க்கு உன் வயிறு பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

வீட்டுக்குத் திரும்பினால் உன் பெரியப்பா ஆட்டுக் கம்போடு கொல்லையில் நிற்கிறார். கூட இரண்டு ஆள். சுவர் மூலையில் செவலை. உன்னை அப்பாவிடம் கொடுத்துவிட்டு ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன்.

"அத்தான், அடிச்சிராதீங்க."

"வெலகு தாயி. புள்ளையக் கடிச்ச நாய்க்கு நீயே வக்காலத்தா?"

"நாய்க்கு இல்ல அத்தான். அது பத்து நாள் உசுரோட இருந்தாத்தான் எம்புள்ளைக்கு ஊசி கொறையும். டாக்டர் சொல்லுதாரு."

அவர் கம்பைத் தரையில் ஊன்றினார். "சரி. பத்து நாள். பதினோராம் நாள் காலைல நானே வந்து முடிச்சுக்கிடுதேன். அதுக்குப் பெறகு என்னைத் தடுக்கப்பிடாது."

பெரியப்பாவைக் கெட்டவர் என்று நீ நினைத்துவிடாதே. உன் மேல் இருந்த பாசம்தான் அந்தக் கம்பு. எனக்கும் அன்றைக்கு அதைக் கொல்லத்தான் தோன்றியது. அது செத்துப்போனால் நான் செய்ததும் அதோடு போய்விடும் என்று மனசின் ஒரு மூலையில் கணக்குப் போட்டிருக்கிறேன். ஆனால் எந்த நாய் சாக வேண்டும் என்று நினைத்தேனோ, அதை உயிரோடு வைத்திருக்கிற வேலை என் தலையிலேயே விழுந்தது. அப்பா கிடைக்குப் போயாக வேண்டும். தினம் காலையில் உன்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி, மத்தியானம் திரும்பி வந்து நாய்க்குக் கஞ்சி. புளியமரத்தில் இரட்டைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. மண்சட்டியில் கஞ்சியை ஊற்றி, நீளக் கம்பால் தள்ளி விடுவேன். முதல் நாள் அது சட்டியைப் பார்த்ததும் கயிறு இறுகுகிற மட்டும் பின்னால் போனது. நான் தள்ளிப்போய்க் கிணற்றடியில் மறைந்து நின்ற பிறகுதான் வந்து நக்கியது.

இரண்டாம் நாள் அது எழுந்து திரும்பியபோது இடுப்பின் இடது பக்கம் முடி கொத்தாகக் கழன்று விழுந்திருந்ததைப் பார்த்தேன். அடியில் ஒரு கை அகலத்துக்குத் தோல் உரிந்து, சீழ் பிடித்து, ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. நீ கட்டிப்பிடித்த இடம் அதுதான். எனக்கு உள்ளூரத் தெரியாமல் இல்லை. கண்ணால் பார்த்த பிறகு தெரியாத மாதிரி இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். கிட்டப் போகக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. ஒரு நீளக் கம்பின் நுனியில் கோழி இறகைக் கட்டி, வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தொட்டு, எட்ட நின்று அந்தப் புண்ணில் தடவினேன். முதல் தடவை இறகைக் கடித்துத் துப்பியது. மறுநாள் உறுமியது. அதற்கு மறுநாள் பல்லைக் காட்டிக்கொண்டே நின்று தடவ விட்டது. நான் தடவத் தடவ அது என் கண்ணையே பார்க்கும். மனுஷர்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

ஐந்தாம் நாள் அப்பா கிடையிலிருந்து சாப்பிட வந்திருந்தார். சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஈரல், வடிகஞ்சி, மாமாவிடம் சொன்ன பொய், டாக்டரிடம் சொன்ன பொய். அவர் கையைச் சோற்றிலேயே வைத்துக்கொண்டு கேட்டார். திட்டுவார் என்று நினைத்தேன், கை ஓங்கினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவர், "ஏட்டி, நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நானும் வாரேன். டாக்டர்ட்ட நான் சொல்லிருதேன்" என்றார். "வேண்டாம். பொய்யச் சொன்னது நான். நானே சொல்லுதேன்" என்றேன். மறுநாள் சொன்னேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "முதல் நாளே நீங்க சொல்லியிருந்தாலும் ஊசியைத் தொடங்கித்தாம்மா இருப்பேன்" என்றார். அது நிஜமா, என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டுச் சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்கு ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போது, ஐந்து நாளாக நெஞ்சில் கிடந்த ஒரு அம்மிக்கல் இறங்கினது போல இருந்தது.

பத்தாம் நாள் செவலை சட்டியைக் காலியாக்கிவிட்டு, நக்கி நக்கிச் சட்டியையே உருட்டிக்கொண்டு போனது. உன்னைத் தூக்கிக்கொண்டு நான் பஸ்ஸுக்கு ஓடினேன். டாக்டர் உன் வயிற்றில் தட்டி, "போடா, ஒனக்கு இனிமே ஊசி இல்ல" என்றார். நீ நம்பவில்லை. ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டுகிறவரை சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாய். பஸ் ஸ்டாண்டில் காராச்சேவு வாங்கிக் கொடுத்தேன். தின்றுகொண்டே, "அது என்னைக் கடிச்சிது. அதுக்கு ஏன் ஊசி போடல?" என்று கேட்டாய். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஐந்து வயசுப் பிள்ளை என்று பார்க்காமல், உன் முன்னால் குத்த வைத்து உட்கார்ந்து, அதன் மேல் நான் கொதிக்கிற கஞ்சியை ஊற்றினதைச் சொன்னேன். "புண்ணுல நீ கை வச்சிட்டே. வலிச்சிது, கடிச்சிட்டு. இப்ப நீ சொல்லு. அதை வச்சிக்கிடவா, வேண்டாமா?" நீ கையிலிருந்த சேவைத் தின்று முடித்தாய். பிறகு, "கட்டியே போட்டிரு. நான் தூரத்துல இருந்து பாக்கேன்" என்றாய். இது உனக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு அந்தச் சேவு மணம்கூட ஞாபகம் இருக்கிறது.

பதினோராம் நாள் காலையில் பெரியப்பா சொன்னபடி வந்தார். இந்தத் தடவை கிடைக்காரர்கள் ஆறேழு பேர் கூட வந்திருந்தார்கள். நான் மரத்தடியில் நின்றுகொண்டு, அத்தனை பேர் முன்னாலும் சத்தமாகச் சொன்னேன். "அத்தான், கொதிக்கிற கஞ்சிய ஊத்துனது நான். அந்தப் புண்ணுல புள்ள விழுந்தான், அது கடிச்சிது. அடிக்கதா இருந்தா மொதல்ல என்னை அடிங்க." பொம்பளை இத்தனை ஆம்பளைகள் முன்னால் அப்படிப் பேசி அவர்கள் கேட்டதில்லை. பெரியப்பா நாயைச் சுற்றிவந்து புண்ணைப் பார்த்தார். கம்பைத் தாழ்த்தினார். "நீ சொன்னது நெசந்தான். ஆனா நாளைக்கு எம்புள்ள தெரியாம அதை மிதிச்சு, அது கடிச்சா, அப்பவும் நீ ஒரு காரணம் சொல்லுவியா? பல்லு பல்லுதான தாயி" என்றார். அது நியாயமான கேள்வி. "நீங்க வச்சிக்கிடுங்க. எம் மந்தையப் பிரிச்சிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கே ஆடுகளைக் காது அடையாளம் பார்த்துப் பிரித்தார்கள். அந்த வருஷம் முழுக்க உன் அப்பா ஒற்றை ஆளாகக் கிடை காத்தார். ஒரு வார்த்தை என்னைச் சொல்லவில்லை.

அதற்கப்புறம்தான் வேலையே தொடங்கியது. நீ மரத்திலிருந்து பத்தடி தள்ளி ஒரு கூழாங்கல்லை வைத்து, அதன் பின்னால் உட்கார்ந்து நாயைப் பார்ப்பாய். நாலைந்து நாளைக்கு ஒருதடவை நீயே கல்லை ஒரு சாண் முன்னால் நகர்த்துவாய். யாரும் உன்னை நகர்த்தச் சொல்லவில்லை. சில நாள் பயம் வந்து பின்னாலும் நகர்த்தியிருக்கிறாய். நான் சில சட்டம் போட்டேன். அது தின்னும்போது யாரும் கிட்டப் போகக்கூடாது. பின்னாலிருந்து தொடக்கூடாது, பேர் சொல்லிக் கூப்பிட்டு, அது திரும்பிப் பார்த்த பிறகுதான் தொட வேண்டும். நானோ அப்பாவோ இல்லாமல் நீ அதனிடம் போகக்கூடாது. எனக்கும் ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். நான் பானையைத் தூக்கினாலே அது கயிற்றை அறுக்கப் பார்க்கும். அதனால் கஞ்சி வடிக்கிற இடத்தை வீட்டின் மறுபக்கத்துக்கு மாற்றினேன். செவலை உன்னைக் கடித்ததை ஊரே பேசிக்கொண்டிருந்தது. அது என்னை மன்னிக்க வேண்டும் என்று நான் ஒருத்திதான் காத்துக்கொண்டிருந்தேன். ஆடி கழிந்து புண் ஆறி, முடி முளைத்தது. ஆவணியில் ஒருநாள் உன் கல் மரத்தடிக்கே வந்துவிட்டது. நீ, "செவலை" என்று கூப்பிட்டாய். அது திரும்பியது. புது முடி முளைத்த இடத்தில் நீ ஒரு விரலை மட்டும் வைத்தாய். அது கண்ணை மூடிக்கொண்டது. நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

ஐப்பசியில் அது குட்டி போட்டது. கயிற்றை அவிழ்த்துவிட்டிருந்த நேரம், ஓடைக்கரையில் ஒரு பொந்தைத் தோண்டி அங்கே போட்டுவிட்டது. குட்டி போட்டிருக்கும்போது கிட்டப் போனால் எந்த நாயும் கடிக்கும். அதனால் நாங்கள் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. அது வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்துவிட்டு ஓடிவிடும். பிறகு மழை பிடித்தது. நம் மானாவாரிக் காட்டில் வருஷத்துக்கு ஒருதடவை பெய்கிற மழை, மூன்று நாள் விடாமல் பெய்தது. அப்பா ஆடுகளை மேட்டுக்கு ஓட்டிப் போயிருந்தார். மூன்றாம் நாள் காலையில் நான் அடுப்படியில் இருக்கிறேன், செவலை நனைந்து, உடம்பெல்லாம் சேறாக உள்ளே வந்தது. வந்து, என் வலது மணிக்கட்டை வாயில் பிடித்தது.

அந்த நிமிஷத்தை நீ யோசித்துப் பார். உன் சதையைக் கிழித்த அதே பல் என் கையைச் சுற்றி. பல் பதியவில்லை. ஒரு வளையல் போல வாய் இருந்தது. மெதுவாக வாசலைப் பார்த்து இழுத்தது. உதறினால் கடித்துவிடுமோ என்று பயமாகத்தான் இருந்தது. ஆனால் இத்தனை மாதமாக அதற்கு நான் கொடுத்ததெல்லாம் இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தானோ என்றும் தோன்றியது. கையை உதறாமல், அது இழுத்தபடியே எழுந்து நடந்தேன். வாசல் தாண்டியதும் விட்டுவிட்டு ஓடைப் பக்கம் ஓடியது. "கடவப்பெட்டிய எடுத்துக்கிட்டு வாலே" என்று உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே நான் பின்னால் ஓடினேன்.

ஓடை கரை தட்டிக்கொண்டு போனது. பொந்தின் வாய்க்கு ஒரு முழம் கீழே தண்ணீர். மேலே கரை இடிந்து பொந்து பாதி மூடியிருந்தது. உள்ளேயிருந்து குட்டிகள் முனகுகிற சத்தம். செவலை தோண்டித் தோண்டி நகத்திலெல்லாம் ரத்தம். நான் மண்டியிட்டு இரண்டு கையாலும் சேற்றை வாரினேன். தோள்வரை கையை உள்ளே விட்டேன். என் முகத்துக்குப் பக்கத்தில் அதன் முகம். அதன் மூச்சு என் கன்னத்தில் பட்டது. முதல் குட்டி கையில் அகப்பட்டது. வெளியே எடுத்தால் அந்தச் சேற்றில் வைக்க இடம் இல்லை. நீ பின்னால் பனையோலைப் பெட்டியோடு நிற்கிறாய். கடித்த நாயின் குட்டியை, கடிபட்ட பிள்ளையின் கையில் கொடுக்கவேண்டிய நேரம். நான் செவலையைப் பார்த்தேன். அது உன்னைப் பார்த்தது. நீ என் சட்டத்தை மறக்காமல், "செவலை" என்று ஒருதடவை கூப்பிட்டுவிட்டு, இரண்டு கையையும் ஏந்தினாய். அது குட்டியை ஒரு நக்கு நக்கிவிட்டு மறுபடியும் பொந்தின் பக்கம் திரும்பிக்கொண்டது. இதை உன்னிடம் கொடுக்கிறேன், மற்றதைப் பார்க்கிறேன் என்று சொன்னது போல. ஒன்று, இரண்டு என்று நீ சத்தமாக எண்ணினாய். ஆறாவது குட்டி வெளியே வந்து கொஞ்சநேரத்தில் அந்தக் கரை முழுசாக ஓடைக்குள் விழுந்தது.

ஆறும் உயிரோடு. பெட்டியை நான் தலையில் வைத்துக்கொண்டேன். நீ முன்னால், செவலையின் கழுத்தில் கைபோட்டுக்கொண்டு. மழை கொட்டுகிறது. ஊருக்குள் நாம் நுழைந்தபோது சாவடியில் மழைக்கு ஒதுங்கின ஆம்பளைகள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். என் வாழ்க்கையில் கல்யாணத்தன்றைக்குக்கூட நான் அப்படி நிமிர்ந்து நடந்ததில்லை. சேலையெல்லாம் சேறு, தலைமயிர் அவிழ்ந்து முகத்தில் ஒட்டியிருக்கிறது, சாமி ஊர்வலத்தில் வருகிற மாதிரி நடந்தேன். பெரியப்பா சாவடியிலிருந்து இறங்கி மழையில் வந்தார். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். உன்னைப் பார்த்தார். நாயின் கழுத்தில் கிடக்கிற உன் கையைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பெட்டியை மூடிவிட்டு, "நட தாயி, குட்டிக நனையுது" என்றார். தை மாதம் அவர் மந்தை மறுபடியும் நம் மந்தையோடு சேர்ந்தது. ஆறு குட்டியில் முதல் குட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனவரும் அவர்தான்.

அதற்குப் பிறகு செவலை ஒன்பது வருஷம் இருந்தது. ஒருவரையும் கடிக்கவில்லை. அந்த ஒன்பது வருஷத்தில் ஒருநாள்கூட ஒரு சின்னப்பிள்ளையை அதனிடம் தனியாக நான் விட்டதும் இல்லை. இரண்டையும் சேர்த்துத்தான் நான் நம்பிக்கை என்று சொல்லுகிறேன். கடிக்கிறதுக்கு முந்தி நாங்கள் அதன் மேல் வைத்திருந்தது நம்பிக்கையே இல்லை, அது கவனக்குறைவு. அது போய்விட்டது, போகட்டும். பிறகு வந்தது கண்ணைத் திறந்துகொண்டு வந்தது. உன் நாய்க்கும் ஒரு காரணம் இருக்கும். அதன் காதைப் பார், காலைப் பார், வயிற்றைத் தடவிப் பார், மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டு. மூன்று வருஷம் உன்னோடு தனியாகக் கிடந்த பிராணி, திடீரென்று வீட்டுக்குள் ஒருத்தி வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தால் அதற்கு யார் சொல்லிக் கொடுப்பார்கள்? நீ அதை அடித்திருக்கிறாயா என்று உன்னையே கேட்டுக்கொள். எனக்கு எழுத வேண்டாம், உனக்குத் தெரிந்தால் போதும். எவ்வளவு தேடியும் காரணம் கிடைக்காத கடியும் உண்டு. அப்படியென்றால் என் கதையை நம்பி நீ அதை வீட்டில் வைத்துக்கொள்ளாதே.

எல்லாவற்றுக்கும் மேலாக, இதை முடிவு செய்ய வேண்டியவன் நீ இல்லை. கடிபட்டது அவள். கடிபடாதவன், "ஒண்ணும் செய்யாது, வா" என்று சொல்லுவது எளிது. அவளை உட்கார வைத்துக் கேள். எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்பதை அவள் சொல்லட்டும், எப்போது கிட்ட வரவேண்டும் என்பதையும் அவளே சொல்லட்டும். நீ அவசரப்படுத்தாதே, முகம் சுளிக்காதே. புதுசாக வந்த வீட்டில், தன் பயத்துக்கும் ஒரு இடம் இருக்கிறது என்று அவள் பார்த்துக்கொண்டால், அது நாய்க்கு மட்டும் நல்லதில்லை, உங்கள் குடித்தனத்துக்கே நல்லது. ஒருவேளை அவள் வேண்டாம் என்றே சொல்லிவிட்டால், அதற்காக அவள் மேல் ஒரு வார்த்தை வரக்கூடாது, அடித்துப் போடவும் கூடாது. ரயிலில் கார்டு இருக்கிற கடைசி வண்டியில் நாய்க்குப் பெட்டி உண்டு என்று ரயில்வேயில் வேலை பார்க்கிற உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. வாய்க்குக் கூடை கட்டி, லீவு போட்டு, நீயே கூட்டிக்கொண்டு வா. சங்கரன்கோவில் ஸ்டேஷனில் நானே வந்து நிற்கிறேன். கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு நீ அடுத்த வண்டியில் திரும்பி அவளிடம் போ. எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது, முழங்கால் வலிக்கிறது, ஆனாலும் ஒரு நாயோடு பொறுமையாக உட்கார்ந்திருக்க இந்தத் தாலுகாவில் என்னைவிட நல்ல ஆள் உனக்குக் கிடைக்காது.

உன் அம்மா